குன்னூர் ஃப்ளை ராடும் என் 42,000 ரூபாயும்: பழைய தூண்டில் வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

பழைய தூண்டில் விற்பதாக விளம்பரம் போட்டு என்னிடம் 42,000 ரூபாயை ஏமாற்றினான் ஒருவன். இன்று காலை அந்த விளம்பரத்தில் இருந்த அதே படம் மறுபடி வந்திருக்கிறது. அதே மூங்கில் ராட் (பூச்சி மாதிரி செய்த போலி இரையை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கோல்), அதே ரீல் (நூல் சுற்றும் சக்கரம்), அடியில் அதே பச்சைக் கம்பளி விரிப்பு. விற்பவர் பெயர் மட்டும் வேறு. ஊர் குன்னூருக்குப் பதில் மூணார், விலை 45,000. பார்த்ததிலிருந்து கை நடுங்குகிறது. இன்னொருவர் பணம் போடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது பெங்களூர் அல்சூரில். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. வளர்ந்தது நீலகிரியில், எமரால்டில். அப்பா மின்வாரியத்தில் குந்தா திட்டத்தில் இருந்தார். கனடா உதவியோடு கட்டிய அந்த நீர்மின் திட்டத்தின் ஏரிகள்தான் எங்களுக்கு விளையாட்டு மைதானம். மூங்கில் குச்சி, நைலான் நரம்பு, மண்புழு. அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வயதில் முதல் ட்ரவுட் மீனைப் பிடித்தேன். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. கையில் ஐஸ் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு எஸ்டேட் மேனேஜர் ஏரிக்கு வருவார். அவர் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கரையோரம் நடப்பது என் வேலை. ஒருநாள் அவர் ராடை என் கையில் கொடுத்தார். மூங்கிலை முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டைகளைச் சேர்த்து ஒட்டிய கோல். இங்கிலாந்தின் ஹார்டி கம்பெனி செய்தது. வீசினால் நூல் காற்றில் வளைந்து போய்ச் சத்தமில்லாமல் தண்ணீரில் விழும். அதன் பிறகு படிப்பு, வேலை, பெங்களூர், கல்யாணம், பிள்ளைகள். நாற்பது வருடம் தூண்டிலைத் தொடவில்லை. ஓய்வு பெற்றதும் மறுபடி ஏரிக்கரைக்குப் போக வேண்டும், அப்படி ஒரு ராடோடு போக வேண்டும் என்று இருந்தது.

இங்கே பெங்களூர் ஏரிகளில் ட்ரவுட் இருக்காது. குளிர்ந்த, ஓட்டமுள்ள, சுத்தமான தண்ணீர் வேண்டும் அதற்கு. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே தவித்துப் போகும். அதனால்தான் அது நம் பக்கத்தில் நீலகிரி, மூணார் மாதிரி உயரமான மலைகளில் மட்டும் இருக்கிறது. அதுவும் தானாக வந்த மீன் இல்லை. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேய மீன் ஆய்வாளர் கொண்டுவர முயன்று நடக்கவில்லை. பிறகு 1907 வாக்கில் எச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் நீலகிரியில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து ரெயின்போ ட்ரவுட்டை நிலைநிறுத்தினார். இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதே கதையை நான் என்னை ஏமாற்றியவனிடமும் சொன்னேன்.

பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு ஆப்பில்தான் விளம்பரத்தைப் பார்த்தேன். "ஹார்டி மூங்கில் ராட், பெர்ஃபெக்ட் ரீல், தாத்தா எஸ்டேட்டில் இருந்தபோது வாங்கியது, குன்னூர், ₹42,000." பெர்ஃபெக்ட் என்பது ஹார்டி 1890-களிலிருந்து செய்த ரீல். விவரம் தெரிந்தவன்தான் அந்தப் பெயரைப் போடுவான் என்று நினைத்துக்கொண்டேன். உடனே செய்தி அனுப்பினேன். அனுப்பியதில் எமரால்டு, அப்பா, குந்தா, மேனேஜர், கூடை, வில்சன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "சார், நீங்க எமரால்டுங்களா? எங்க பெரியப்பாவும் குந்தா ப்ராஜெக்ட்லதானுங்க இருந்தாரு. நூறு பேரு கேட்டாங்க சார், ஆனா தாத்தா ராடு தெரிஞ்சவங்க கைக்குப் போகணும்னு இருக்குங்க." பேச்சுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம். எங்கள் குவார்ட்டர்ஸிலும் தகரக் கூரைதான். அந்தச் சத்தத்துக்காகவே மூன்று தடவை போட்டுக் கேட்டேன். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். அவன் சொன்ன ஒவ்வொன்றும் அதற்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்தது. எமரால்டு, குந்தா எல்லாம் என் செய்தியில் இருந்தவை, என் அப்பாவைத்தான் பெரியப்பா ஆக்கிவிட்டான். அவனுடையது என்று இருந்தது அந்த மழை மட்டும்தான், அதுவும் உண்மையா என்று இப்போது தெரியவில்லை.

வீடியோ கால் போட்டு ராடைக் காட்டச் சொன்னேன். "மலையில நெட்வொர்க் நிக்காதுங்க சார்" என்றான். அந்த மலையில் வளர்ந்தவன் நான், நம்பினேன். என் மனைவி, "நேர்ல பார்த்துட்டு காசு குடுங்க, ஊட்டி என்ன அமெரிக்காவா?" என்றாள். நான் கேட்கவில்லை. முதலில் அட்வான்ஸ் 5,000. மறுநாள், "பஸ்ல ஏத்திட்டேனுங்க சார், சீட்டு பாருங்க" என்று ஒரு பார்சல் ரசீதின் படம். மீதி 37,000-ஐயும் அனுப்பினேன். மொத்தம் 42,000. என் கையாலேயே, நானே பின் நம்பர் போட்டு.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு மைசூர் ரோடு சாட்டிலைட் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஊட்டியிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டரிடம் ரசீதைக் காட்டினேன். "யாவ பார்ஸல் சார்?" (எந்தப் பார்சல்?) என்றார். அடுத்த பஸ். அதற்கடுத்த பஸ். எட்டரை மணி வரை நின்றேன். ஒரு கண்டக்டர் என் போனை வாங்கி ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்து, இந்த நம்பரில் பஸ்ஸே கிடையாது என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். ராட் வைத்துக் கட்டிக்கொண்டு போக ஒரு பழைய பெட்ஷீட் கொண்டுபோயிருந்தேன். அதை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

அவன் போனை எடுத்தான், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "நாளைக்கு வந்துருமுங்க சார்." திங்கள்கிழமை, "அப்பா ஆஸ்பத்திரியில இருக்காருங்க, இப்ப போய் இதக் கேக்கறீங்களே." செவ்வாய்க்கிழமை, பார்சல் செக்போஸ்டில் நிற்கிறது, 3,000 கட்டினால் விடுவார்களாம். அப்போதுதான் எனக்கு முழுசாக விடிந்தது. கத்தினேன். கட் செய்துவிட்டான். அதற்குப் பிறகு நம்பர் இல்லை.

அன்று ராத்திரி என் மகன் அந்தப் படத்தை வைத்து இணையத்தில் தேடினான். இரண்டே நிமிடம். இங்கிலாந்தில் ஒரு ஏல நிறுவனத்தின் பழைய பட்டியலில் இருந்தது. அதே பச்சை விரிப்பின் மேல் இன்னும் நாலு ராட். குன்னூர் எஸ்டேட் பங்களாவின் மேஜை என்று நான் மனசுக்குள் கட்டிவைத்திருந்த அந்த விரிப்பு!

ஆப்காரர்களுக்கு எழுதினேன். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது, பணம் ஆப்புக்கு வெளியே போனதால் பொறுப்பில்லை என்று ஒரே பதில் மூன்று தடவை வந்தது. மனிதர் யாராவது பேசுங்கள் என்று கேட்டதற்கும் அதே பதில். வங்கியில் அந்தப் பையன், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்களே சார்" என்றான். ஸ்டேஷனில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்கு அன்றே ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார்கள். எனக்கு அந்த நம்பரே தெரியாது. பணம் போன சில மணி நேரத்துக்குள் அடித்தால், அது கை மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டாம். நான் போனது ஐந்தாவது நாள். 42,000 ரூபாய், ஐந்து நாள்.

எப்படி வாங்குவது, எங்கே கேட்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். படத்தை முதலில் இணையத்தில் தேடிப் பாருங்கள். இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி ராடுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஊர், அப்பா, சின்ன வயசுக் கதை எதையும் விற்பவனிடம் சொல்லாதீர்கள். மீன் பிடிக்க பர்மிட் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஊட்டியில் மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரிலேயே கேளுங்கள். நீலகிரியில் இருக்கும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போட அனுமதி கிடையாது, அங்கே கூட்டிப்போகிறேன் என்பவன் எவனையும் நம்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930.

மூணார் என்று போட்டிருக்கும் அந்தப் பச்சை விரிப்பு விளம்பரத்தைக் காலையிலிருந்து இரண்டு தடவை புகார் செய்துவிட்டேன். இதை எழுதி முடிக்கும்போதும் அது அங்கேயே இருக்கிறது.