தாயக்கட்டையும் டாலரும்: ஐந்து வருடமாக பிடிஎஃப் விற்ற கதை

போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு காலேஜ் பையன் கையில் நான் எழுதிய விளையாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் என் மச்சான் பெயரும் ஒரு ஆர்டர் நம்பரும். மச்சான் பெங்களூரில் உட்கார்ந்து கார்டு போட்டு வாங்கிய பிரதி, நாலு கை மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. போன் போட்டுச் சொன்னேன். "ஏன் மாப்ள, காசு குடுத்தவன் நானு, வெளையாடுறவன் எவனோவா?" என்று சிரிக்கிறான்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லா, ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. 2020இல் பாஸ் இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது என்று ஆனபோது, ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து விளையாடும் கூட்டம் எல்லைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் என்று பிரிந்துவிட்டது. வீடியோ காலில் விளையாட நான் எழுதியதுதான் இந்தப் புத்தகம். இரவில் ஒரு சாவடியைக் கடக்க வேண்டும். ஒருத்தன் மூட்டையில் ரேஷன் அரிசி, ஒருத்தி கூடையில் சேவல், இன்னொருத்தர் மடியில் பிரிக்கக் கூடாத கடிதம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, இழுபறியான இடத்தில் கட்டையை உருட்டித் தீர்ப்பது. 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அமெரிக்க விளையாட்டு வந்ததிலிருந்து உலகம் விளையாடும் அதே முறைதான், கட்டை மட்டும் நம்முடையது.

"இல்லாத பொஸ்தகத்துக்கு எவன்டா கண்ணு காசு குடுப்பான்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. 44 பக்க பிடிஎஃப், 5 டாலர். கொடுக்கிறார்கள்.

இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். டிரைவ்த்ரூஆர்பிஜி இந்தத் துறையின் பெரிய சந்தை. அங்கே மட்டும் விற்றால் நமக்கு 70 சதவீதம், வேறு கடையிலும் வைத்தால் 65. நான் 65 ஆள், அதாவது 5 டாலரில் 3.25 கைக்கு. இட்ச் தளத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பதை நாமே முடிவு செய்யலாம், வழக்கமாக 10 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. கணக்குப்படி பார்த்தால் இட்ச்தான் லாபம். ஆனால் தேடி வந்து வாங்குகிற கூட்டம் முதல் கடையில்தான் இருக்கிறது, அதனால் அந்த 35ஐ வாடகை என்று எடுத்துக்கொண்டேன். இட்ச்சில் எனக்குப் பிடித்தது இன்னொரு பழக்கம்: யாராவது வாங்கினால், வாங்க முடியாத ஒருவருக்காக ஒரு இலவசப் பிரதி ஒதுங்கும்படி வைக்கலாம். கோவிலில் அன்னதானத்துக்கு எழுதிவைப்பது மாதிரி.

விலையை வாங்குபவரே போடட்டும் என்றும் மூன்று மாதம் விட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் பூஜ்யம். சரி, எடுத்தவர்களில் எத்தனை பேர் திறந்து பார்த்தார்களோ என்று மறுபடி 5 டாலர் ஆக்கிவிட்டேன்.

அப்புறம் அந்த அடிக்குறிப்பு. டிரைவ்த்ரூ 2004இல் தொடங்கியபோது கோப்புகளைப் பூட்டுப் போட்டுத்தான் விற்றது. வாங்கியவர்கள் திட்டினார்கள், பூட்டு போய் பெயர் பொறிக்கிற முறை வந்தது. இந்தப் பாடத்தைப் பெரியவர்களும் ஒருமுறை படித்தார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2009 ஏப்ரலில் திருட்டைக் காரணம் காட்டித் தன் பிடிஎஃப்களை எல்லாக் கடைகளிலிருந்தும் எடுத்துவிட்டு, 2013 ஜனவரியில்தான் திரும்பக் கொண்டுவந்தது. பெயர் பொறிப்பதா வேண்டாமா என்பது வெளியிடுபவர் விருப்பம். நான் பொறிக்கிறேன். ஜெராக்ஸைத் தடுக்க அது உதவாது, ஆனால் எந்த வழியாக வந்தது என்று தெரிந்துவிடுகிறது.

பணம் கைக்கு வருவதுதான் முதல் வருடத்தின் பெரும் தலைவலி. வரிப் படிவம்கூட சுலபம். டபிள்யூ-8பென் என்ற அமெரிக்கப் படிவத்தில் பான் நம்பரைப் போட்டு இந்தியா–அமெரிக்கா உடன்படிக்கையைக் காட்டினால், உரிமைத்தொகைக்கான 30 சதவீதப் பிடித்தம் 15 ஆகிறது. மாட்டிக்கொண்டது இனிஷியலில். என் பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் நிற்கிறது, பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து முன்னால் நிற்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு பணப் பரிமாற்ற நிறுவனத்துக்குப் புரியவைக்க ஏழு வாரம், பதினோரு மெயில். பாஸ்புக்கிலும் பெயரை விரித்து எழுதிய பிறகுதான் பணம் நகர்ந்தது. தமிழர் யாராவது இதில் இறங்கினால், புத்தகம் எழுதுவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இந்த ஐந்து வருடத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வசதி, விற்ற பிறகும் கோப்பை மாற்ற முடிவதுதான். என் விளையாட்டில் டைஸ் கிடையாது, பாட்டி வைத்திருந்த பித்தளைத் தாயக்கட்டை. இரண்டு கட்டை, முகங்களில் 0, 1, 2, 3. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. ஆக விழக்கூடியவை 1 முதல் 6, அப்புறம் 12. கட்டை இல்லாத வெளிநாட்டுக்காரருக்கு, நாலு முக டைஸ் இரண்டை உருட்டி 4ஐப் பூஜ்யமாக எண்ணச் சொல்லியிருந்தேன். ஏழு எண்ணுக்கு ஏழு சம்பவம் என்று ஒரு அட்டவணை. 3க்குக் கை நீட்டும் காவலர். எனக்கு ரொம்பப் பிடித்த ஒற்றை யானையை 12இல் வைத்தேன்.

விற்க ஆரம்பித்த இரண்டாம் மாதம் கனடாவிலிருந்து ஒருவர் எழுதினார். ஒரே இரவில் நாலு தடவை அதே காவலர் வந்து கை நீட்டினாராம், மேசையே சிரித்துவிட்டதாம், யானையை யாரும் பார்க்கவே இல்லையாம். அப்போதுதான் பேப்பரில் எழுதிப் பார்த்தேன். இரண்டு கட்டைக்கு மொத்தம் 16 சேர்க்கை. அதில் 3 மட்டும் நாலு வழியில் விழும். 2ம் 4ம் மும்மூன்று, 1ம் 5ம் இரண்டிரண்டு, 6ம் 12ம் ஒவ்வொன்றே. திண்ணையில் தாயம் போட்டு வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் போனது வெட்கம்தான், பாட்டி இருந்திருந்தால் கட்டையாலேயே போட்டிருப்பார். அட்டவணையை மாற்றி அடுக்கினேன். 3இல் ஒரு காவலருக்குப் பதில் நாலு விதமான காவலர்கள், யானை 5க்கு இறங்கியது. புதிய கோப்பை ஏற்றி, வாங்கியவர்களுக்கு ஒரு வரி அனுப்பினேன். அச்சடித்த புத்தகமாக இருந்தால் பிழைத்திருத்தச் சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பேன்.

2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிகளை மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த விடும் திறந்த உரிமத்தை மாற்றப்போகிறார்கள் என்று பெரிய ரகளை நடந்தது. கடைசியில் விதித்தொகுப்பையே யாரும் எடுத்தாளலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். பாட்டி கட்டையில் ஓடுகிற எனக்கு அந்த மாதம் தூக்கம் கெடவில்லை.

தமிழ்ப் பதிப்பு வேறு கதை. பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்களில் சில தமிழைச் சரியாகக் கோப்பதில்லை. கோத்தாலும், பிடிஎஃப் ஆனபின் தேடினால் கிடைப்பதில்லை. முதல் பதிப்பில் 'சோதனை' என்று தேடிய ஒருவர் ஒன்றுமே வரவில்லை என்றார். காப்பி எடுத்து ஒட்டிப் பார்த்தால் 'ேசாதைன' என்று வருகிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்திருக்கிறது, கொம்பு முன்னால், மெய் பின்னால். தேடலைச் சரிசெய்யும் முயற்சியை ஒரு கட்டத்தில் கைவிட்டு, பக்க எண்ணோடு சொல்லடைவும் தொட்டால் தாவும் இணைப்பும் போட்டேன்.

தமிழ் வாசகர் காசு கொடுப்பதிலும் ஒரு சிக்கல். நம் பையன்களிடம் ஜிபே இருக்கும். கார்டு இருந்தாலும் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும், ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். இந்தியாவுக்குள் பேபால் கொடுக்கல் வாங்கலும் 2021 ஏப்ரலோடு நின்றுவிட்டது. இப்போது தமிழ்ப் பதிப்பை 99 ரூபாய்க்கு நானே விற்கிறேன். க்யூஆரில் காசு வந்ததும் மெயிலில் கோப்பு. சில நாள் தேங்காய்க்களத்தில் நின்றுகொண்டே அனுப்புகிறேன்.

அந்த ஜெராக்ஸ் பையனிடம் கோபமாகப் பேசத்தான் போனேன். அவன் முந்திக்கொண்டு, "ஏனுங்ண்ணா, தாயம் விழுந்தா மறு ஆட்டம் உண்டுங்களா?" என்று கேட்டான். ஐந்து வருடத்தில் ஒரு வெளிநாட்டுக்காரரும் கேட்காத கேள்வி. தாயத்தில் 1, 5, 6, 12க்கு மறுபடி போடுவோம். என் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு வரி சேர்த்து ஏற்றினேன், வாங்கியவர்களுக்கெல்லாம் போய்விட்டது. அவனுடைய ஜெராக்ஸில் மட்டும், 17ஆம் பக்கத்தில் மச்சான் பெயருக்கு மேலே, பேனாவால் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.