கோவையில் ஹெட்டு வேலை: லேத்தில் சுத்தம், மாட்டும்போது கோட்டை விட்டார்கள்

அப்பாவின் மாருதி 800-இல் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது. கோவை லேத்துப் பட்டறையில் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது), சீட்டு கட்டிங் (வால்வு அமரும் இடத்தை வெட்டுவது), ஆறு வால்வுக்கும் கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்), ஆயில் சீல் எல்லாம் சேர்த்து ரூ. 4,200. அமெரிக்காவில் இந்த வேலைக்கு 400 டாலர் கேட்பார்கள். பாதி இடங்களில் "வேறு ஹெட்டு வாங்கிப் போடுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள்.

லேத்து அண்ணன் ஸ்ட்ரெயிட் எட்ஜைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தார். நடு சிலிண்டரிடம் 0.10 மி.மீ. தகடு நுழைந்தது, தாங்கும் அளவு 0.05தான். தண்ணீர் வழி ஓரமெல்லாம் அலுமினியம் அரித்துக் குழி. கூலன்ட் ஊற்றாமல் வருஷக்கணக்கில் போர்வெல் தண்ணீர் ஊற்றிய பலன் அது. கோணலும் குழியும் போகிற அளவுக்கு மேல் அவர் சீவவில்லை. கூடச் சீவினால் கம்ப்ரஷன் ஏறி நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து தட்டும் சத்தம்) வரும், வால்வு திறந்து மூடும் டைமிங்கும் பின்வாங்கும். கைடு போட்ட பிறகே சீட்டை 45 டிகிரியில் வெட்டினார். வால்வு ஏற்றியதும் ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, பெட்ரோல் எரியும் குழியான சேம்பரில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார். அரை மணி கழித்தும் வால்வுக்குப் பின்னால் இருக்கும் வழியான போர்ட்டில் ஈரமில்லை, அதாவது வால்வு கசியவில்லை. இந்தக் கை இன்னும் ஊரில் இருக்கிறதே என்று மனசு நிறைந்துவிட்டது.

அத்தனையும் ஒர்க்‌ஷாப்பில் பாழ். மெக்கானிக் ஹெட்டை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக எட்டு போல்ட்டையும் ஒரே மூச்சில் முறுக்கினார். போல்ட்டை எவ்வளவு பலத்தில் முறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பானர்தான் டார்க் ரென்ச். "டார்க் ரென்ச் இல்லையாப்பா?" "இருபது வருஷமா கை அளவுதான் சார்." போல்ட் குழிக்குள் தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் காற்றடித்து எடுக்கவில்லை. அது இருந்தால் போல்ட் இறுகினது போலக் கைக்குத் தெரியும், ஹெட்டு அமர்ந்திருக்காது. பிளாக்கே விரிசல் விடவும் கூடும். ஒரு வாரத்தில் மறுபடி வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி. கழற்றிப் பார்த்தால் லேத்து வேலை அப்படியே இருந்தது. கேஸ்கெட்தான் ஒரு பக்கம் நசுங்காமல் கிடந்தது. புது கேஸ்கெட், இரண்டாவது தடவை கூலி, பத்து நாள் லீவில் மூன்று நாள் போயிற்று. அமெரிக்காவில் வீட்டிலேயே கார் வேலை பார்க்கிற பையன்கூட டார்க் ரென்ச் வைத்திருப்பான். தொழிலாகவே செய்கிறவர் ஏன் வாங்கக் கூடாது?

லேத்தில் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். மாட்டுகிறவரிடம் முதலில் டார்க் ரென்ச்சைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரண்டாவது தடவை பிரிப்பதைவிட மலிவு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில், மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றி, மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகே வண்டியை எடுங்கள்.