காரைக்குடி ரூட்டுக்கு எந்த பஸ்? கரூர் பாடியும் கம்பெனி பாடியும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் புது பஸ் எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "லேலண்டா, டாடாவா?" என்றுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்த கேள்வி: சேஸ் (இன்ஜினோடு வரும் அடிச்சட்டம்) மட்டும் வாங்கி, பஸ் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த கரூரில் பாடி கட்டுவதா, கம்பெனியே முழுதாகக் கட்டித் தருவதை எடுப்பதா? ரூட் பஸ்ஸுக்கு கரூர், பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கம்பெனி வண்டி என்பது என் கட்சி.

சேஸ் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அசோக் லேலண்டின் வைக்கிங்கும் டாடாவின் எல்.பி.ஓ. வரிசையும் முன்பக்க இன்ஜின் வைத்த, லாரி வழி வந்த சேஸ்கள்தான். ஓட்டத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது. நம் பக்கம் லேலண்டுக்கு மவுசு கூட இருப்பதற்குக் காரணம், அரசு போக்குவரத்துக் கழகத்தில் அதிகம் ஓடுவது அதுதான். அதில் கை பழகிய மெக்கானிக் எளிதாகக் கிடைப்பார். கிளட்ச் போய் வண்டி இரண்டு நாள் நின்றால், அந்த டைமிங்கை நம்பியிருந்த ஜனம் அடுத்த வண்டிக்குப் பழகிவிடும். டாடா தெரிந்த நல்ல மெக்கானிக் கையில் இருந்தால் டாடாவைத் தாராளமாக எடுக்கலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் இரண்டுக்கும் யூரியாக் கரைசல் ஊற்றும் வேலை உண்டு. நின்று நின்று ஓடும் டவுன் பஸ்ஸில் சைலன்சர் போதுமான அளவு சூடேறாமல் புகை வடிகட்டி அடைத்துக்கொள்வதும் இரண்டுக்கும் பொதுதான்.

பாடிதான் பேச வேண்டிய விஷயம். கரூரில் கட்டினால் சீட் எத்தனை, கதவு எங்கே, டிக்கி எவ்வளவு ஆழம் என்று ரூட்டுக்குத் தகுந்தபடி கேட்டு வாங்கலாம். பிள்ளையார்பட்டிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு அமைப்பு, கூடையோடு சந்தைக்குப் போகிறவர்களுக்கு வேறு அமைப்பு. பக்கத் தகடு அடிபட்டால் உள்ளூர் டிங்கரே வெட்டி ஒட்டிவிடுவார். கம்பெனி பாடியில் வார்ப்பில் செய்த பாகம் உடைந்தால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

வளரும் நாடுகள் பலவற்றில் பஸ் பரவியதும் இப்படிச் சேஸ் ஒருவர், பாடி ஒருவர் என்ற முறையில்தான். பிரேசிலின் மார்க்கோபோலோ 1949-ல் தொடங்கி, அடுத்தவர் சேஸில் பாடி கட்டியே உலக அளவுக்கு வளர்ந்தது. 2006-ல் டாடா அதோடு கூட்டுச் சேர்ந்து தார்வாடில் ஆலை வைத்தது; பிரேசில் கம்பெனியின் பங்கையும் தானே வாங்கப்போவதாக 2020-ல் அறிவித்தது.

கரூரில் கட்டும்போது சோம்பல் பாராமல் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பட்டறைக்குப் பட்டறை தரம் மாறும். ஏ.ஐ.எஸ்.-052 என்ற பாடி விதிப்படி ஒப்புதல் வாங்கிய பட்டறைதானா, வெல்டிங் போட்ட இடத்தில் துரு தடுக்கும் பூச்சு அடித்தார்களா, வயரிங் உறைக்குள் போகிறதா என்பதையெல்லாம் தகடு மூடும் முன்பே பார்த்தாக வேண்டும். பெயிண்ட் அடித்தபின் எல்லா பஸ்ஸும் அழகாகத்தான் இருக்கும்.

பள்ளி நிர்வாகத்தில் இப்படிப் போய் நிற்க ஆள் இருக்காது. 2012-ல் தாம்பரம் அருகே பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. தரை, சீட், ஜன்னல் கம்பி, அவசர வழி அத்தனைக்கும் ஒரே கம்பெனி பொறுப்பேற்கும் வண்டிதான் அங்கே சரி. விலை கூடினாலும் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. எந்த வண்டியானாலும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) விடும்போதெல்லாம் தரைப் பலகையைத் தூக்கிப் பார்ப்பது நிர்வாகத்தின் கடமை.

கரூர் பாடி, கம்பெனி பாடி இரண்டிலுமே எனக்குத் தீராத வருத்தம் படி உயரம். நகரப் பேருந்துகளுக்கு மத்திய அரசு வகுத்த அளவுகளில் ரோட்டிலிருந்து பஸ் தளத்தின் உயரம் 400, 650, 900 மில்லிமீட்டர் என்று மூன்று வகை உண்டு. லாரி வழி வந்த முன் இன்ஜின் சேஸில் தளம் உயரத்திலேயே நிற்கும். 2021 முதல் அரசின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முழங்கால் வலியோடு ஏறும் ஆச்சிக்குப் படி இன்னும் அதே உயரம்தான். கண்மாய்க்கரை ரோடும் வேகத்தடையும் உள்ள நம் ஊர்களுக்கு 400 ஒத்துவராது, அடி தட்டும். 650 தளத்தில் வரும் பின் இன்ஜின் சேஸ் நம் ரூட்டுகளுக்கும் வர வேண்டும். அதுவரை கரூரில் ஆர்டர் கொடுக்கிற முதலாளிகள், விதி அனுமதிக்கும் அளவுக்கு முதல் படியை இறக்கி, வாசலின் இரண்டு பக்கமும் பிடிகம்பி வைக்கச் சொல்லி, அதை ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.