டெல்ஃப்ட்டா, மைசனா?

பழைய ஐரோப்பிய அலங்காரத் தட்டு, பொம்மைகளைச் சேகரிக்க நினைப்பவர்கள் டெல்ஃப்ட், மைசன் இரண்டில் எதை வாங்கலாம்? வீடு சின்னது, ஓடியாடும் குழந்தைகள் உண்டு என்றால் என் ஓட்டு டெல்ஃப்ட்டுக்கே. 17ஆம் நூற்றாண்டில் சீனப் பீங்கானைப் பார்த்து ஹாலந்துக்காரர்கள் செய்தது. ஆனால் பீங்கான் அல்ல, சுட்ட மண்மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு. பழைய தட்டின் விளிம்பில் பூச்சு பெயர்ந்து பழுப்பு மண் எட்டிப்பார்க்கும். அதைக் குறையென்று ஒதுக்காதீர்கள், அழகே அதுதான்! சுமார் 13 செ.மீ. சதுர ஓடுகள் தனித்தனியாகவும் கிடைக்கும். நாலைந்தைச் சட்டம் போட்டு மாட்டினால் சுவருக்கே களை வந்துவிடும்.

மைசன் வேறு ரகம். 1710இல் ஜெர்மனியின் சாக்சனியில் தொடங்கிய பீங்கான் ஆலை. பொம்மைகளில் விரல் நுனிவரை வேலைப்பாடு. ஒரு விரல் உடைந்தாலும் விலை இறங்கும். கண்ணாடி அலமாரி கட்டாயம். அடியில் இருக்கும் நீலக் குறுக்குவாள் முத்திரையை மட்டும் நம்பிக் காசை நீட்டாதீர்கள். அதைக் காப்பியடித்தவர்கள் ஏராளம்.