கிட் செர்ரி-பிக்: கை குடுக்கும், கணக்கு வெக்காது

எட்டு வருஷமா கிட் (கோடுல பண்ற மாத்தங்களை வரிசையா சேமிச்சு வெக்கிற டூல்) யூஸ் பண்றேன், அதுல ஒரு பிராஞ்ச்ல (கோடோட தனிக் கிளை) பண்ண மாத்தத்தை மட்டும் இன்னொரு பிராஞ்ச்சுக்கு எடுத்துட்டு வர்ற செர்ரி-பிக்குக்கு மட்டும் தனியா ஒரு ரிவ்யூ போடணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன், போன மாசம் அடி வாங்கினதுக்கு அப்புறம் போட்டே ஆகணும்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். மெயின்ல (புது வேலை நடக்குற பிராஞ்ச்) பண்ண ஒரு பக் ஃபிக்ஸ் மட்டும் பழைய ரிலீஸுக்கும் வேணும்னா அந்த கமிட்டோட (சேமிச்ச ஒரு மாத்தம்) ஹாஷை, அதாவது அடையாளக் குறியை குடுத்தா போதும், புது ஃபீச்சர் எதுவும் ஒட்டிக்காம அந்த நாலு லைன் மட்டும் வந்து உக்காந்துடும். ராத்திரி பதினோரு மணிக்கு கஸ்டமர் கத்தும்போது இதைவிட வசதி கெடையாது.

ஆனா வர்றது அதே கமிட் இல்லங்க, காப்பி. ஹாஷே வேற. எங்க டீம்ல 4.1, 4.2, மெயின்னு மூணு பிராஞ்ச். பில்லுல வரி ஒரு பைசா தப்பா ரவுண்ட் ஆகுற பக், மெயின்ல சரி பண்ணி 4.1-க்கு பிக் பண்ணிட்டு நடுவுல 4.2-வ மறந்தே போயிட்டேன். கஸ்டமர் 4.2-க்கு அப்கிரேட் பண்ணாங்க, செத்த பக் எந்திரிச்சு வந்துடுச்சு. ஃபிக்ஸ் எங்கெங்க இருக்குன்னு பிராஞ்ச் கன்டெய்ன்ஸ் கமாண்டு போட்டா மெயினை மட்டும் காட்டுது, 4.1-ல இருக்குறதே அதுக்கு தெரியல! கிட் செர்ரின்னு இன்னொரு கமாண்டு டிஃப்பை (மாறின வரிகளை) ஒப்பிட்டு பாக்கும், பிக் பண்ணும்போது கோடு மோதின இடத்துல (கான்ஃப்ளிக்ட்) நான் கையால ஒரு லைன் மாத்தியிருந்ததால அதுவும் கைய விரிச்சிடுச்சு.

மைனஸ் எக்ஸ் (-x) ஆப்ஷன் சேத்து பிக் பண்ணா எந்த கமிட்லேர்ந்து வந்துச்சுன்னு மெசேஜ்ல ஒரு வரி எழுதும், நாம படிக்கலாம், மெர்ஜ் (ஒரு பிராஞ்ச்சை இன்னொண்ணோட சேக்குறது) அதை கண்டுக்காது. இதே 2005-ல வந்த மெர்குரியல்ங்கிற இன்னொரு டூல்ல கிராஃப்ட் (அங்க செர்ரி-பிக் மாதிரி கமாண்டு) பண்ணா மூலம் எதுன்னு கமிட்டுக்குள்ளயே குறிச்சு வெச்சு, மறுபடி பண்ணப் போனா ஏற்கனவே வந்தாச்சுன்னு ஸ்கிப் பண்ணிடும். பொறாமையா இருக்கு.

இப்ப நாங்க மாத்திட்டோம். கிட்டோட வர்ற கிட்ஒர்க்ஃப்ளோஸ் மேன் பேஜ்லயே (உதவிப் பக்கம்) இருக்கு: ஃபிக்ஸ் தேவைப்படுற ஆகப் பழைய பிராஞ்ச்ல கமிட், அங்கேர்ந்து மேல மேல மெர்ஜ். 4.1, 4.2, மெயின், மூணுலயும் ஒரே ஹாஷ். என்ன, வெர்ஷன் நம்பர் மாத்துற கமிட்டும் கூடவே ஏறி வரும், அதை மட்டும் அவர்ஸ் ஸ்ட்ராட்டஜி (மெர்ஜ் ஆனதா குறிச்சுட்டு, வர்ற மாத்தத்தை எடுக்காம விடுறது) போட்டு கழிச்சு விடணும், மத்த கமிட்டுக்கு கை தவறி போட்டீங்கன்னா ஃபிக்ஸே காணாம போயிடும், ஜாக்கிரதை. லினக்ஸ் கெர்னல்ல இதுக்கு நேர் தலைகீழ், மெயின்லைன்ல (அவங்க மெயின்) ஏறின ஃபிக்ஸ்தான் ஸ்டேபிளுக்கு (ஏற்கனவே வெளியான வெர்ஷன்களுக்கு) போகும், மூல ஹாஷை மெசேஜ்ல எழுதிடுவாங்க. அவங்களுக்கு அதை பாத்துக்கவே ஆள் இருக்கு, நாங்க மொத்தமே நாலு பேர்.

செர்ரி-பிக்குக்கு அஞ்சுக்கு மூணு. அவசரத்துக்கு இன்னும் யூஸ் பண்றேன், எக்ஸ் இல்லாம பண்றதில்ல.