4,800 என்று போட்ட பற்றரியை நம்பிக் காட்டுக்குள் இறங்காதீர்கள்

வவுனியாவில் ஒரு கடையில் நாலு பற்றரியும் சார்ஜரும் 3,200 ரூபாவுக்கு வாங்கினேன். பென்ரோச் பற்றரி அளவு, சார்ஜ் ஏற்றுகிற வகை. எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதற்கு உறையில் 4,800 மில்லி அம்பியர் மணி என்று கொட்டை எழுத்து. "அண்ணை, இதைப் போட்டா ரெண்டு நாளைக்கு யோசிக்கத் தேவையில்லை" என்றான் கடைத் தம்பி.

தூர்ந்துபோன சின்னக் குளங்களை ஜிபிஎஸ்ஸில் குறித்து வருவது என் வேலை. கையில் இருப்பது ஈட்ரெக்ஸ் என்ற பழைய ஜிபிஎஸ் கருவி; நல்ல பற்றரி ரெண்டு போட்டால் ஒரு பகல் தாராளமாக ஓடும். ஒட்டுசுட்டான் பக்கம் காட்டுக்குள் காலை 7 மணிக்கு இறங்கினேன். 12 மணிக்குத் திரை செத்தது. மற்றச் சோடி, மூன்று கிழமை மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் கிடந்தது, ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாலை மரமும் வீரை மரமும்தான். கண்ணிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகை இன்னும் நிற்கிற காட்டில் குறுக்கே நடக்க மனம் வருமா? மாட்டுத் தடம் ஒன்றைப் பிடித்து றோட்டுக்கு வர 4 மணி.

அடுத்த நாள் தெரிந்த நகைக்கடையில் புதுப் பற்றரி ஒன்றைத் தராசில் வைத்தோம். 16 கிராம். வீட்டில் கிடந்த, அதே அளவு பழைய எனலூப் சார்ஜ் பற்றரி 27 கிராம். இந்த அளவு நிக்கல் வகைச் சார்ஜ் பற்றரிக்குள் 2,700, 2,800க்கு மேல் அடைக்கவே முடியாது. 4,800 என்பது அச்சடித்தவனின் ஆசை. கூட்டாளியின் அளந்து காட்டும் சார்ஜரில் போட்டால் 500ஐத் தாண்டவில்லை.

என் பிழையும் ஒன்று உண்டு. கருவியின் செற்றிங்கில் பற்றரி வகையை அல்கலைனிலேயே, அதாவது சார்ஜ் ஏற்றாத சாதாரண பற்றரியிலேயே விட்டிருந்தேன். சார்ஜ் பற்றரி 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. மாற்றாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் கோடுகளை நம்ப முடியாது.

கடைக்குத் திரும்பிப் போனேன். "ராத்திரி முழுக்க சார்ஜில விட்டிருப்பீங்க அண்ணை, அதுதான்." கொஞ்சம் சத்தம் போட்டதும் உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்து வந்தான். அதே அளவு, அதே உருவம். உறையில் பொடி எழுத்தில் 3.7 வோல்ட். லிதியம். "இது பவர் கூட, போட்டுப் பாருங்கோ." ரெண்டையும் தொடராகப் போட்டால் 3 வோல்ட் கேட்கிற கருவிக்குள் 7 வோல்ட்டுக்கு மேல் போகும். அத்தோடு ஜிபிஎஸ்ஸின் கதை முடிந்திருக்கும். பொடி எழுத்தை வாசிக்காத ஆள் என்றால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

இப்போது பாவிப்பது சார்ஜ் ஏற்றியே விற்கிற, மாதக்கணக்கில் வைத்தாலும் பெரிதாக இறங்காத வகை. உறையில் வெறும் 2,000தான். இரவு சார்ஜில் போட்டு விடிய எடுத்தால் அடுத்த பின்னேரம் வரை கவலையில்லை.

1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடச் சொன்னார்கள். பில் எங்கே என்று கேட்டால் என்ன காட்டுவது? என்னிடம் இருப்பது பற்றரி அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கிய 3,200 மட்டும்.