சூளையின் உள் உயரம் எவ்வளவு? வாய்ப்புத் தளங்கள் பற்றி ஒரு மண்காரரின் விமர்சனம்

மூன்று வருடமாகக் காசு கட்டி வாங்கிக்கொண்டிருந்த ஒரு செய்திமடலைப் போன மாதம் நிறுத்திவிட்டேன். கலைஞர்களுக்கான கண்காட்சி, ரெசிடென்சி (ஓரிடத்தில் சில காலம் தங்கி வேலை செய்யும் வாய்ப்பு), வேலை அறிவிப்புகளைத் திரட்டி வாராவாரம் மின்னஞ்சலில் அனுப்புகிற சேவை அது. பெயர் வேண்டாம், ஏனென்றால் குறை அவர்களிடம் மட்டும் இல்லை. நிறுத்துவதற்கு முன் ஒரு மாதத்து அறிவிப்புகளை உட்கார்ந்து எண்ணினேன். அறுபதுக்கு மேல் இருந்தன. ஓவியம், புகைப்படம், எழுத்து என்று கழித்துக்கொண்டே வந்தால், மண்ணில் உருவம் செய்து சூளையில் சுடுகிற நமக்கு மிஞ்சியது எட்டு. அந்த எட்டிலும் "எல்லா ஊடகங்களும் வரவேற்கப்படுகின்றன" என்று எழுதிவிட்டு, சூளை இருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லாதவை ஐந்து. எல்லா ஊடகமும் என்றால் அதில் மண்ணும் சேர்த்திதான், ஆனால் மண்ணைச் சுட வேண்டும் என்பது அதை எழுதியவருக்குத் தோன்றவே இல்லை.

இலவசமாகக் கிடைப்பவற்றிலிருந்து தொடங்குகிறேன். ரெசிடென்சி தேடுகிறவர்கள் முதலில் போகும் இடம் ரெஸ் ஆர்ட்டிஸ். 1993-இல் தொடங்கிய, உலகம் முழுக்க உள்ள ரெசிடென்சிகளின் கூட்டமைப்பு. உறுப்பினராக இருக்கும் இடங்களின் அறிவிப்புகள் வருவதால் போலி குறைவு, அது பெரிய நிம்மதி. டச்சு நாட்டின் டிரான்ஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் தளத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களின் விவரம் இருக்கிறது. அங்கே போய் வந்தவர்களின் அனுபவக் கட்டுரைகளும் உண்டு, அவை சுருக்க விவரக் குறிப்பைவிட எவ்வளவோ மேல். பயணச் செலவுக்கு நிதி தேடுகிறவர்கள் ஆன் தி மூவ் தளத்தைப் பாருங்கள், நாடு வாரியாக நிதி வழிகாட்டிகளைப் பிடிஎஃப்-ஆகவே போட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் சேர்த்து ஐந்துக்கு மூன்றரை தருவேன். அந்த ஒன்றரை எங்கே போனது என்று கேட்டால் என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு திரட்டியில் பார்த்த இடம். "வளாகத்தில் சூளை உண்டு." அவ்வளவுதான் போட்டிருந்தது, எனக்கும் அது போதுமாகத்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் உயரமான, கழுத்து நீண்ட உருவங்கள் செய்துகொண்டிருந்தேன், சராசரியாக 65 செ.மீ. வரும். ஐந்து வாரத்துக்குத் திட்டம் போட்டு, சோதித்து வைத்திருந்த கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரி ஆகும் மேற்பூச்சு) பொடிகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் மேலே மூடி திறக்கிற சின்ன மின்சூளை. அளவு நாடாவை உள்ளே விட்டேன்: உயரம் 42 செ.மீ. சரி, இரண்டாக வெட்டிச் சுட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம்தான் பொறுப்பாளர் மெதுவாகச் சொன்னார், கம்பிச்சுருள்கள் பழசு, ஆயிரம் டிகிரிக்கு மேல் போக விடுவதில்லை என்று. என்னுடையது ஸ்டோன்வேர், கடும் சூட்டில்தான் இறுகும் மண்; கோன் 10 என்கிற சூட்டளவு, சுமார் 1300 டிகிரி. ஆயிரத்தில் எடுத்தால் அது பிஸ்க்தான், கிளேஸ் பூசுவதற்கு முன் சுடுகிற முதல் சூடு, தண்ணீரை உறிஞ்சும். கிளேஸ் உருகாமல் சுண்ணாம்பு அடித்த மாதிரி மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், விரலால் தேய்த்தால் வந்துவிடும். தேய்த்துப் பார்த்தேன், வந்துவிட்டது.

கடைசி வாரத்தில் காய்ந்த உருவங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீர் வாளியில் இறக்கினேன். நன்றாகக் காய்ந்த பச்சை மண் தண்ணீரில் பட்டதும் சின்னச் சத்தத்தோடு குமிழி விட்டுக்கொண்டு ஓரங்களிலிருந்து உதிரத் தொடங்கும், பத்து நிமிடத்தில் அது கழுத்தா கைப்பிடியா என்று தெரியாது. மண் வீணாகவில்லை, அடுத்து வந்தவர் பிசைந்து பயன்படுத்தியிருப்பார்.

அந்த இடத்தை நான் குறை சொல்ல மாட்டேன், கேட்காதது என் தப்பு. ஆனால் அறிவிப்பை வெளியிடும் தளங்கள் ஒரு கட்டம் கூடுதலாக வைத்தால் இது நடக்காது. சூளையின் உள்ளளவு, அதிகபட்ச வெப்பம், மின்சாரமா எரிவாயுவா விறகா, சுடுகிற செலவு கட்டணத்தில் சேர்த்தியா தனியா, எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தில் கை வைப்பதற்கு முன்பே இதையெல்லாம் கேட்டு இப்போது ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறேன். பதில் வருகிற விதத்திலேயே இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடுகிறது. அளவுகளைக் குறிப்பிட்டுப் பதில் சொல்கிறவர்கள் சூளையை ஓட்டுகிறவர்கள். "எல்லா வசதியும் உண்டு, கவலை வேண்டாம்" என்று சொல்கிறவர்களைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன்.

நாள் கணக்கையும் பாருங்கள். ஒரு மாத ரெசிடென்சியில் ஓவியருக்கு முப்பது நாளும் வேலை நாள். நமக்கு அப்படி இல்லை. கனமான உருவம் ஒழுங்காகக் காய இரண்டு வாரம் வேண்டும், அவசரப்பட்டால் சூளைக்குள் வெடிக்கும். பிஸ்க்குக்கும் கிளேஸ் சூட்டுக்கும் ஆறுவதற்கும் சேர்த்து இன்னும் ஒரு வாரம் போய்விடும். ஆக மண்ணில் கை வைக்க எட்டு, பத்து நாள் கிடைத்தால் பெரிது. அதனால்தான் செராமிக்குக்கென்றே இருக்கும் இடங்கள் நீண்ட காலம் தருகின்றன. நெதர்லாந்தின் செராமிக் மையமான இ.கே.டபிள்யூ.சி. மூன்று மாதம் தருகிறது. மண்ணே தொடாத சிற்பிகளையும் வடிவமைப்பாளர்களையும் கூட எடுக்கிறார்கள், தொழில்நுட்ப ஆலோசகர்கள் கூடவே இருப்பார்கள், ஆனால் செலவுக்கான நிதியை நீங்களே திரட்ட வேண்டியிருக்கும். அமெரிக்காவின் மொன்டானாவில் பழைய செங்கல் தொழிற்சாலை வளாகத்தில் 1951-இல் தொடங்கிய ஆர்ச்சி பிரே அறக்கட்டளையில் நீண்டகால ரெசிடென்சி இரண்டு வருடம் வரை போகும். அமெரிக்க செராமிக்கில் பெரிய பெயர்களான பீட்டர் வோல்கஸும் ரூடி ஆட்டியோவும் தொடக்கக் காலத்தில் வேலை பார்த்த இடம் என்பதால் போட்டியும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். விறகுச் சூளை பிடித்தவர்களுக்கு ஜப்பானின் மண்பாண்ட ஊரான ஷிகராக்கி. டென்மார்க்கின் செராமிக் மையமான குல்தேகர்கோர், ஹங்கேரியின் கெச்கெமேட் ஸ்டுடியோ இரண்டும் முதல் முறை போகிறவர்கள் யோசிக்க வேண்டியவை.

இந்தப் பெயர்களில் பாதியை எனக்கு எந்தத் தளமும் சொல்லவில்லை. மற்ற கலைஞர்களின் தன்விவரக் குறிப்புகளிலிருந்து எடுத்தேன். ஆர்ட்டாக்ஸிஸ் என்று செராமிக் கலைஞர்களுக்கான வலைத்தளம் ஒன்று இருக்கிறது. நடுவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களின் பக்கங்கள் அதில் உண்டு. அங்கே உங்கள் வேலையின் அளவிலும் சூட்டிலும் வேலை செய்கிற நான்கைந்து பேரைப் பிடியுங்கள், அவர்களுடைய குறிப்பைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். மேலே இருப்பது அவர்கள் இன்று அடைந்தது, அது நமக்கு உடனே உதவாது. ஐந்தாறு வருடம் பின்னால் எங்கே காட்சிக்கு வைத்தார்கள், எந்தச் சின்ன ரெசிடென்சியில் தொடங்கினார்கள் என்பதுதான் நம் பட்டியல். ஒரே பெயர் மூன்று பேரிடம் வந்தால் அங்கே சூளை வேலை செய்கிறது என்று நம்பலாம். இது வாய்ப்புத் தளமே இல்லை, இருந்தாலும் நான் ஐந்துக்கு ஐந்து தருவது இதற்குத்தான்.

கண்காட்சிக்கு வருவோம். அமெரிக்க அறிவிப்புகள் பெரும்பாலும் கஃபே என்கிற விண்ணப்பத் தளம் வழியாக வருகின்றன. கணக்கு தொடங்கக் காசு இல்லை, படங்களை ஒருமுறை ஏற்றிவிட்டால் எத்தனை விண்ணப்பத்துக்கும் எடுத்துப் போடலாம், ஆனால் ஒவ்வொரு காட்சியும் தனியாக நுழைவுக் கட்டணம் கேட்கும், அது தெரியாமல் வரிசையாக அழுத்திக்கொண்டே போனால் மாதக் கடைசியில் தெரியும். தேடலில் செராமிக் என்று போட்டால் கைவினைச் சந்தைகளும் சேர்ந்து வந்து நிற்கும், பொறுமை வேண்டும். ஐந்துக்கு நான்கு. செராமிக்ஸ் மந்த்லி இதழின் கண்காட்சி அழைப்புப் பகுதி இதைவிடச் சின்னது, ஆனால் வடிகட்டியது.

பெரிய போட்டிகளுக்கு எந்தத் தளமும் தேவையில்லை, காலண்டரில் குறித்துக்கொண்டால் போதும். இத்தாலியின் ஃபயென்சா பரிசு 1938-இல் தொடங்கியது, ஜப்பானின் மினோ போட்டி 1986-இலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கொரியாவின் செராமிக் பியனாலே 2001-இலிருந்து. இது மாதிரிப் போட்டிகளில் முதலில் படத்தை வைத்துத் தேர்வு, அதில் தேறினால் பொருளையே அனுப்ப வேண்டும். அனுப்புகிற செலவு யாருடையது, திருப்பி அனுப்புவது யாருடையது, வழியில் உடைந்தால் காப்பீடு எதுவரை என்கிற மூன்று வரியும் விதிமுறைப் பிடிஎஃப்-இன் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். நான் ஒரு காட்சிக்கு அனுப்பிய பாத்திரம் போகும்போது பத்திரமாகப் போய், திரும்பும்போது நான்கு துண்டாக வந்தது. அங்கே பிரித்தவர்கள் நுரைத் துண்டுகளை எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் வாரித் திணித்திருந்தார்கள். இப்போது ஒவ்வொரு நுரைத் துண்டுக்கும் எண் போட்டு, அடுக்கும் வரிசையைப் படமெடுத்து மூடியின் உட்புறம் ஒட்டிவிடுகிறேன். அதற்குப் பிறகு எதுவும் உடையவில்லை.

படம் என்றதும் ஒன்று. பளபளக்கும் கிளேஸில் ஜன்னல் முழுசாகத் தெரிகிற படத்தைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். சாம்பல் நிறப் பின்னணி, மேலிருந்து ஒரே பரவலான வெளிச்சம், ஒரு முழு உருவம், ஒரு அண்மைப் படம். அவ்வளவு போதும்.

வேலைக்கு என்று தளங்கள் இருக்கின்றன, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரிப் பணி என்றால் அமெரிக்காவில் காலேஜ் ஆர்ட் அசோசியேஷன் பட்டியல். அங்குள்ள செராமிக் ஆசிரியர்களின் என்சீக்கா அமைப்பு வருடம் ஒருமுறை வேறு வேறு ஊரில் நடத்தும் மாநாட்டில் ஆள் தேடுகிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் நேரிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். மற்றபடி ஸ்டுடியோ வேலைகளில் பலவும் விளம்பரத்துக்கே வருவதில்லை. எனக்குக் கிடைத்த இரண்டும் சூளைக்காகக் கிடைத்தவை. என் தன்விவரக் குறிப்பில் கண்காட்சிப் பட்டியலுக்கு மேலே, எந்தெந்தச் சூளையை எத்தனை முறை சுட்டிருக்கிறேன், கம்பிச்சுருளும் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளும் மாற்றத் தெரியும் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். நேர்காணலில் என் சிற்பங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் சம்பளம் வந்தது. ஒரு எச்சரிக்கை: "பயிற்சி" என்று பெயர் வைத்து ஆறு மாதம் மண் பிசையவும் அலமாரி தேய்க்கவும் விட்டு, சூளையைத் தொட விடாத இடங்களும் இதே பட்டியல்களில் வருகின்றன. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சொந்த வேலைக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

செய்திமடலை நிறுத்திய பிறகு என்னிடம் இருப்பது ஒரு எக்செல் தாள். கடைசித் தேதிக்கு முன்னால் ஒரு நெடுவரிசை, தலைப்பு "உள் உயரம்". அது காலியாக இருந்தால் அந்த வரியை நான் நிரப்புவதில்லை. நேற்று ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது: 61 செ.மீ., 1300 டிகிரி, எரிவாயு, சுடும் செலவு சேர்த்தி. என் உருவம் ஈரத்தில் 66, காயும்போது ஆறு சதவீதம் சுருங்கினாலும் 62. மேலே கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். ஆக, கழுத்தில் நான்கு செ.மீ. குறைக்க வேண்டும்.